மருந்தும் கணக்கும்: நோயுற்ற குடும்பங்களுக்கு நிதி ஆலோசகர் ஆற்றும் தொண்டு – ஓர் ஆய்வு

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' என்பதாகும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் பெருமான் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைப் பிழையாமல் கொடுப்பவன் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர்தம் துணிபு. நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். 'உழை' என்பது பக்கம் எனப் பொருள்படும். நோயாளியின் பக்கத்தே சென்று நிற்பவன் உழைச்செல்வான்.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளுக்கும் தனித்தனியே நான்கு இயல்புகளை எண்ணிக் கூறுகின்றார். நோயாளிக்கு வேண்டிய நான்கினுள் அவர் முதற்கண் வைத்தது பொருளுடைமை. மருத்துவன் சொற்படி ஒழுகுதலும், நோய்நிலையை எடுத்துரைக்கும் திறமும், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. பொருள் இல்லாதவனுக்கு மருத்துவம் எட்டாது என்னும் கசப்பான உண்மையை உரையாசிரியர் அன்றே கண்டிருந்தார்.

அப்பொருளைக் கொடுப்பது ஓர் அறம். இருக்கும் பொருள் சிதறாமல் காப்பதும், வரவேண்டிய பொருளைத் தேடிப் பெற்றுத் தருவதும் மற்றோர் அறம். முன்னதைச் செல்வர் செய்யலாம். பின்னதைக் கணக்கறிந்த எவரும் செய்யலாம். அமெரிக்காவில் நிதித் திட்டமிடுநர்கள் நோயுற்ற குடும்பங்களுக்குக் கட்டணமின்றி ஆற்றிவரும் இத்தொண்டினை ஆராய்ந்து, நம் மரபிலும் நம் ஊர்களிலும் அதற்குள்ள இடம் யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் தரும் மற்றொரு நோய்

கொடிய நோய் ஒரு குடும்பத்தை இருமுனையில் தாக்குகின்றது. ஒருபுறம் செலவு பெருகுகின்றது. மறுபுறம் வருவாய் குன்றுகின்றது. நோயாளி வேலைக்குச் செல்ல இயலாமற் போவதோடு, அவரைப் பார்த்துக்கொள்பவரும் தம் வேலையை விட நேர்கின்றது. மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படாத செலவுகளும் பல. பேருந்துக் கட்டணம், வெளியூரில் தங்கும் வாடகை, உடன் வந்தோர் உணவு ஆகியன நாள்தோறும் சிறுகச்சிறுகக் கரைப்பவை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காட் ராம்சே என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் செய்த ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. புற்றுநோய் கண்டவர்கள், அந்நோய் இல்லாதவர்களைக் காட்டிலும் 2.65 மடங்கு மிகுதியாகத் திவாலாகின்றனர் என்று அது கண்டது. அதே குழுவினர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வு நம்மை மேலும் சிந்திக்க வைப்பது. புற்றுநோயாளிகளுள் திவாலானவர்களின் இறப்பு வீதம், திவாலாகாதவர்களின் வீதத்தைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்கு இருந்தது. வறுமையே அவ்விறப்புகளுக்குக் காரணம் என்று இதனைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. எனினும், கடனுக்கு அஞ்சி மருந்தின் அளவைக் குறைப்போரும், சிகிச்சையை நடுவில் நிறுத்துவோரும் எல்லா நாடுகளிலும் உளர். இந்நிலையை மருத்துவ உலகம் இன்று 'நிதி நச்சுத்தன்மை' என்னும் பொருளுடைய பெயரால் குறிக்கின்றது. மருந்தின் பக்க விளைவுகளோடு பணமுடையையும் ஒரு பக்க விளைவாக எண்ணியதால் பிறந்த பெயர் அது.

நம் நாட்டின் நிலையும் கருதத்தக்கது. தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, 2013-14ஆம் ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்தினர். 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், நூறு ரூபாய்ச் செலவில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் குடும்பத்தின் மடியிலிருந்தே சென்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அமெரிக்கத் தொண்டர்களின் பணி

இங்கிலாந்தில் டக்ளஸ் மாக்மில்லன் என்பவர் தம் தந்தையார் புற்றுநோயால் இறந்ததைக் கண்டு 1911ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். மாக்மில்லன் புற்றுநோய் உதவி நிறுவனம் என்று இன்று அறியப்படும் அது, செவிலியர் பணியோடு அமையாது, நோயாளிகளுக்குப் பண உதவியும் பணம் பற்றிய அறிவுரையும் வழங்கி வருகின்றது. நோயாளிக்கு நிதி அறிவுரை தேவை என்னும் எண்ணம் வேரூன்றியதற்கு இஃது ஒரு சான்று.

அமெரிக்காவில் இத்தொண்டு வேறொரு வடிவம் பெற்றது. செல்வர்களின் சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் திட்டமிட்டுத் தருவதைத் தொழிலாகக் கொண்ட நிதித் திட்டமிடுநர்கள் அங்குப் பல்லாயிரவர். அவர்தம் கட்டணம் ஏழைகளால் கொடுக்கத் தகுந்ததன்று. அவர்களுள் மனமுடையோரைத் திரட்டி, எளியோர்க்கு இலவசமாக அறிவுரை வழங்கச் செய்யும் நோக்குடன் ஃபவுண்டேஷன் ஃபார் ஃபைனான்ஷியல் பிளானிங் என்னும் அறக்கட்டளை 1995ஆம் ஆண்டு தோன்றியது. புற்றுநோய்க் குடும்பங்களுக்கு உதவும் ஃபேமிலி ரீச் முதலான அமைப்புகளோடு இணைந்தும் இப்பணி நடைபெறுகின்றது. மருத்துவமனையின் சமூகப்பணியாளர் ஒரு குடும்பத்தின் இடரைக் கண்டுணர்கின்றார். தொண்டரான நிதித் திட்டமிடுநர் அக்குடும்பத்தோடு தொலைபேசியிலோ நேரிலோ உரையாடுகின்றார்.

அவர் செய்வது யாது? பணம் கொடுப்பதன்று. முதலில் வரவு, செலவு, சொத்து, கடன் ஆகிய நான்கினையும் ஒரே தாளில் எழுதச் செய்கின்றார். நோய் வந்த வீட்டில் இதனை எவரும் செய்திருப்பதில்லை. அடுத்து, எக்கடனை முதலில் கட்ட வேண்டும், எது பொறுக்கும் என்று வரிசைப்படுத்துகின்றார். வீட்டு வாடகையும் மின்கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் முன்னே வரும்; கடன் அட்டைக்காரரின் மிரட்டல் பின்னே செல்லும். இலாப நோக்கமற்ற மருத்துவமனைகள் எளியோர்க்கான நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வகுத்து அறிவிக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் அங்கு விதித்துள்ளது. அச்சலுகைக்கு விண்ணப்பிக்காமலே சொத்தை விற்றுப் பணம் கட்டும் குடும்பத்தைத் தடுத்து நிறுத்துவதும் அவர் பணியே.

காலக்கெடுவை நினைவூட்டுவது அவர் ஆற்றும் பேருதவி. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு பிணைக்கப்பட்டது. நோயால் வேலையிழந்தவர், பழைய காப்பீட்டைத் தம் செலவில் பொதுவாக 18 மாதங்கள் வரை தொடரச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் அவ்விருப்பத்தை 60 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். உடல் இயலாமைக்கான அரசு உதவித்தொகை பெறப் பொதுவாக ஐந்து மாதங்கள் காத்திருக்க வேண்டும். அவ்வுதவித்தொகைக்கு உரியவரான பின்னர் அரசு மருத்துவக் காப்பீடு கிட்டப் பெரும்பாலோர்க்கு 24 மாதங்கள் ஆகும். இவ்விடைவெளியை எவ்வாறு கடப்பது என்பதே அக்குடும்பத்தின் வாழ்வா தாழ்வா என்னும் வினா. நோயின் அதிர்ச்சியில் இருப்பவர் இத்தேதிகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அவருக்காக எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும்.

இத்தொண்டின் அடிப்படை விதி ஒன்று உண்டு. இவ்வாறு வந்த குடும்பத்திடம் தொண்டர் எப்பொருளையும் விற்றல் கூடாது; கட்டணம் பெறுதலும் கூடாது; பின்னாளில் தம் வாடிக்கையாளராக்கும் நோக்கமும் கூடாது. இவ்விதி நீங்கின் அறம் வணிகமாகிவிடும்.

மலப்புறம் காட்டிய வழி

'அது செல்வ நாடு. அங்கு நிபுணர் பலர். நமக்கு அஃது ஒவ்வுமோ?' என்று வினவலாம். நமக்கு அண்மையிலுள்ள கேரளம் இதற்கு விடை தருகின்றது.

1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். தீராநோயாளிகளின் வலியைப் போக்கச் சென்றவர்கள், வலிக்கு அப்பாலும் துன்பம் இருப்பதைக் கண்டனர். 2001ஆம் ஆண்டளவில் மலப்புறம் மாவட்டத்தை முதன்மைக் களமாகக் கொண்டு அண்டை அயலார் இணைந்த தணிப்புச் சிகிச்சை வலையமைப்பு உருவாயிற்று. 2008ஆம் ஆண்டு கேரள அரசு தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு கொள்கையையே அறிவித்தது.

அங்குத் தொண்டர்களாக வந்தோர் ஆசிரியர்களும், கடைக்காரர்களும், மாணவர்களும், இல்லத்தரசிகளுமே. பயிற்சி பெற்று வீடு தேடிச் சென்ற அவர்கள், நோயாளியின் புண்ணைப் பார்த்ததோடு அடுப்பையும் பார்த்தனர். அரிசி உண்டா, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா, மருத்துவமனைக்குச் செல்ல வண்டி உண்டா என்று கேட்டறிந்து ஊராரைக் கொண்டே உதவினர். அவர்கள் நிதி நிபுணர் அல்லர். எனினும், நோயாளியின் பொருள்நிலையை வினவுவதும் மருத்துவத்தின் பகுதியே என்னும் உண்மையை நடைமுறையில் நிலைநாட்டினர். நிபுணரின் கணக்கறிவும் அண்டைவீட்டாரின் அக்கறையும் ஒன்று சேருமாயின், நமக்கு வேண்டிய தொண்டு பிறந்துவிடும்.

இஸ்லாமிய மரபில் நோயும் கணக்கும்

நம் வீடுகளில் இத்தொண்டிற்குப் பெருந்தடை பணமின்மை அன்று, மனத்தடையே. படுத்திருப்பவர் பக்கத்தில் அமர்ந்து சொத்தையும் கடனையும் பேசுவது அபசகுனம் என்றும், 'அவர் போய்விடுவார் என்று முடிவு கட்டிவிட்டீர்களா?' என்றும் உறவினர் சினப்பதுண்டு. இவ்வச்சம் மார்க்கம் தந்ததா? நபித்தோழர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குத் தெளிவான விடை பகர்கின்றது.

இறுதி ஹஜ்ஜின் ஆண்டில் ஸஅத் (ரலி) அவர்கள் மக்காவில் கடும் நோயுற்றார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அந்நோய்ப்படுக்கையிலேயே ஸஅத் (ரலி) அவர்கள் தம் பொருள் பற்றிப் பேசினார்கள். தம்மிடம் பொருள் மிகுதியாக உண்டு என்றும், தம் வாரிசாகத் தம் மகள் ஒருவரே உள்ளார் என்றும் கூறி, பொருளில் மூன்றில் இரு பங்கை அறம் செய்துவிடலாமா என்று வினவினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். பாதி என்றபோதும் மறுத்தார்கள். மூன்றில் ஒன்று என்றபோது இசைந்து, அதுவும் மிகுதியே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்வதினும் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நன்று என்பது அவர்கள் விளக்கிய நெறி.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, நோயாளியைக் காணச் சென்ற இடத்தில் பொருள் பற்றிய உரையாடலை நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கவில்லை, விலக்கவில்லை, எண்ணால் அளந்து விடை தந்தார்கள். மற்றொன்று, ஸஅத் (ரலி) அவர்கள் அந்நோயில் இறக்கவில்லை. நலம் பெற்றெழுந்து, பின்னர்க் காதிஸிய்யாப் போரில் படைத்தலைமை ஏற்று, நெடுங்காலம் வாழ்ந்தார்கள். கணக்குப் பேசியதால் மரணம் வந்துவிடவில்லை. கணக்குப் பேசுதல் நம்பிக்கையிழப்பின் அடையாளமும் அன்று. பொறுப்புடையவன் எழுந்து நடக்கவும் ஆயத்தமாகின்றான்; இறைவன் அழைப்பை ஏற்கவும் ஆயத்தமாகின்றான். இரண்டிற்கும் ஒரே கணக்கேடு போதுமானது.

கடனை எழுதி வைத்துச் சாட்சி ஏற்படுத்துமாறு திருமறையின் 'அல்பகரா' அத்தியாயத்து 282ஆம் வசனம் விரிவாக விதிக்கின்றது. வஸிய்யத் செய்தற்குரிய பொருளுடையவர் அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழித்தல் ஆகாது என்பது நபிமொழி. இறந்தவரின் பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, பின்னர்க் கடன், பின்னர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படாத வஸிய்யத், அதன் பின்னரே வாரிசுரிமை என்னும் வரிசையை நம் சட்ட அறிஞர்கள் வகுத்துள்ளனர். கொடுபடாத மஹரும் கடனே என்பதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. மனைவிக்குத் தர வேண்டிய அவ்வுரிமையை நோயாளி நினைவோடு இருக்கும்போதே எழுதிவைப்பது, நாளைய விதவையை நீதிமன்றப் படிகளிலிருந்து காக்கும். மரணப்படுக்கையில் ஒருவர் செய்யும் நன்கொடையையும் மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு கட்டுப்படுத்தும் என்பதும் அறியத்தக்கது.

நோயாளிக்கு மருத்துவத்தோடு பொருளுதவியும் தேவை என்பதை இஸ்லாமிய மருத்துவமனைகள் முன்பே உணர்ந்திருந்தன. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284ஆம் ஆண்டு அமைத்த மருத்துவமனை வக்ஃபு வருவாயில் இயங்கியது. நலம் பெற்று வீடு திரும்பும் ஏழைக்கு, உடனே உழைக்கச் செல்லாமல் தேறும்வரை வாழ்வதற்கென உதவித்தொகை வழங்கும் வழக்கம் அங்கிருந்ததாக வரலாற்றாசிரியர் குறிப்பர். நோய் மருத்துவமனை வாயிலோடு முடிவதில்லை என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது. ஜகாத் பெறுவோராகத் திருமறை எண்ணும் எட்டு வகையினருள் கடன்பட்டோரும் ஒருவகையினர். மருத்துவத்தால் கடன்பட்ட குடும்பம் அவ்வகையில் அடங்குமா என்பதை ஆலிம்களிடம் கேட்டு, உரிய காலத்தில் உதவி பெற்றுத் தருவதும் இத்தொண்டின் ஒரு கிளையாகும்.

நம் ஊர்களுக்குப் பொருந்துமாறு

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டதாகக் கொள்வோம். அவருக்கு ஊழியர் அரசுக் காப்பீடும் (இ.எஸ்.ஐ.) வருங்கால வைப்பு நிதியும் உள்ளன. 'இனி வேலை செய்ய இயலாது. இராஜினாமா செய்து, வைப்பு நிதியை வாங்கிச் சிகிச்சைக்குச் செலவிடலாம்' என்று உறவினர் கூறுகின்றனர். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வறிவுரை அக்குடும்பத்தையே கவிழ்த்துவிடக் கூடும்.

அவர் வேலையில் நீடித்து மருத்துவ விடுப்பில் இருப்பாராயின், அரசுக் காப்பீடு முதலில் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டிற்கு 91 நாட்கள் வரை நோய்க்கால உதவியாக வழங்கும். தகுதிக்காலம் நிறைந்தவராயின், புற்றுநோய் உள்ளிட்ட 34 நெடுநோய்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காட்டை இரண்டு ஆண்டுகள் வரை நீட்டித்துத் தரும் விதியும் உண்டு. அஃதாவது, மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய் வீட்டிற்கு வந்துகொண்டிருக்கும். மருத்துவமும் அத்திட்டத்தின்கீழ் நடைபெறும். சிகிச்சைக்கு வைப்பு நிதியிலிருந்து முன்பணம் பெறவும் வழியுண்டு; அதற்காக வேலையைத் துறக்க வேண்டியதில்லை.

மேலும், பணியில் இருக்கும்போது ஊழியர் இறக்க நேரின், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஒரு தொகையை வழங்குகின்றது. 2021ஆம் ஆண்டில் அதன் உச்ச வரம்பு 7 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாத ஊதியத்தின் 35 மடங்கும், வைப்பு நிதி இருப்பின் சராசரியில் பாதியும் (1,75,000 ரூபாய்க்கு மேற்படாமல்) சேர்ந்தது அத்தொகை. 15,000 ரூபாய் ஊதியத்திற்கு முதற்பகுதியே 5,25,000 ரூபாய் ஆகின்றது. இதற்கென ஊழியர் தனியே தவணை எதுவும் கட்டுவதில்லை. ஆதலின் இப்படியொரு காப்பீடு தமக்கு உண்டு என்பதையே பலர் அறியார். அவசரப்பட்டு எழுதிய ஒரு பக்க இராஜினாமாக் கடிதம் இவ்வுரிமைகளைக் கைநழுவச் செய்யும். கணக்கறிந்த ஒருவர் அன்று மாலை அவ்வீட்டிற்குச் சென்று, 'கையெழுத்திடுமுன் சற்றுப் பொறுங்கள்' என்று கூறியிருந்தால், அச்சொல் பல இலட்சம் பெறும்.

அமைப்புசாராத் தொழிலாளரின் நிலை வேறு. அவர்களுக்கு அரசின் மருத்துவக் காப்பீடே பெருந்துணை. தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்ட ஏற்பாடு அது. அத்திட்டம் அங்கீகரித்த மருத்துவமனையில், வரையறுத்த சிகிச்சைக்கே பயன்படும். குடும்பம் முதலில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, பின்னர் அட்டையை நீட்டினால் கட்டிய பணம் திரும்புவது அரிது. சேர்க்கும் முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று, சேர்த்த பின்னர் கேட்கப்படுவதால் விளையும் இழப்பு இது.

இனி, வங்கிக் கணக்குகளைக் காண்போம். பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகைகள், 2014ஆம் ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த நிதியத்திற்கு மாற்றப்படுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அந்நிதியத்தில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். அவற்றுள் எத்தனை கணக்குகள், கணவன் எங்கே பணம் போட்டான் என்று மனைவி அறியாததால் அங்குச் சென்றனவோ! இவற்றைத் தேடிக் காண்பதற்கென 2023ஆம் ஆண்டு 'உத்கம்' என்னும் இணையவழி ஏற்பாட்டை ரிசர்வ் வங்கி தொடங்கியது. 2025 நவம்பர் முதல் ஒரு வங்கிக் கணக்கிற்கு நால்வர் வரை நியமிக்கவும் சட்டம் இடமளித்துள்ளது. படுக்கையில் இருப்பவர் ஒரு படிவத்தில் இடும் கையெழுத்து, பிற்காலத்தில் பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

தொண்டரின் ஒழுக்கம்

இத்தொண்டு கத்தி போன்றது. பிழைபட்டால் காயம் விளைவிக்கும். ஒரு குடும்பத்தின் நகையும் நிலமும் கடனும் அறிந்தவர், அதனைச் சந்தையில் பேசினால் அவ்வீட்டு மானம் போய்விடும். ஆதலின் தொண்டர்க்குரிய இலக்கணம் வேண்டும். அதனையும் பரிமேலழகரிடமே பெறலாம். உழைச்செல்வானுக்கு அவர் கூறும் இயல்புகள் நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்னும் நான்கு.

அன்பு இருப்பின், நோயாளி பேச விரும்பாத நாளில் கணக்கேட்டை மூடி வைப்பார். தூய்மை இருப்பின், காப்பீட்டு முகவராகவோ நிலத்தரகராகவோ அவ்வீட்டிற்குள் நுழையார்; கேட்டவற்றை அமானிதமாகக் காப்பார். சொல்லியவாறு செய்யும் வன்மை இருப்பின், முடிவு தம்முடையதன்று, குடும்பத்தினுடையது என்பதை உணர்வார். விற்பதா, அடகு வைப்பதா என்பதை எடுத்துரைப்பாரேயன்றித் தாமே தீர்மானியார். அறிவு இருப்பின், தமக்குத் தெரியாததை வழக்கறிஞரிடமும், ஆலிமிடமும், வங்கி மேலாளரிடமும் கேட்டுச் சொல்வார். ஆயுள் காப்பீடு முதலியவற்றில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாதலின், அங்குத் தம் கருத்தைத் திணிக்காது ஒதுங்கி நிற்றலும் அறிவின்பாற்பட்டதே.

வீட்டுப் பெண்களை விலக்கி ஆண்களோடு மட்டும் பேசி முடிக்கும் கணக்கு அரைக் கணக்கு என்பதையும் இங்குக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். மருந்துச் செலவை நாள்தோறும் எண்ணிக் கொடுப்பவள் மனைவி. நாளை தனித்து நிற்க நேர்ந்தால் நிற்பவளும் அவளே.

தமிழ்த்துறையின் பங்கு

'வணிகவியல் துறை பேச வேண்டிய பொருளைத் தமிழ்த்துறை மலரில் பேசுவதேன்?' என்று அன்பர்கள் வினவக்கூடும். இத்தொண்டின் முதல் இடர் மொழியில் உள்ளது என்பதே நம் விடை. காப்பீட்டுப் பத்திரங்களும் கோரிக்கைப் படிவங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் வருவனவும் புரியாத தமிழில் வருகின்றன.

சொல்லொன்றைப் பார்ப்போம். 'நாமினி' என்று மக்கள் வழங்கும் நியமனதாரரையும் வாரிசையும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். வங்கி வைப்பில் நியமனதாரர் என்பவர் பணத்தைப் பெற்று உரியோரிடம் சேர்க்கும் பொறுப்புடையவரே. பெற்றதாலேயே அவருக்கு அது சொந்தமாகிவிடாது. பங்குகள் முதலியவற்றிலும் நியமனம் வாரிசுரிமையை மாற்றாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இச்சொற்பொருள் மயக்கத்தால் உடன்பிறந்தார் பகைவரான வீடுகள் உண்டு. நியமனதாரரின் கையில் இருப்பது அமானிதம் என்று ஒரு சொல்லில் விளக்கினால், நம் ஊர் மூதாட்டிக்கும் அது விளங்கிவிடும். சரியான சொல்லைத் தேடித் தருதல் தமிழ் கற்றோர் கடனன்றோ?

ஆதலின், நம் கல்லூரிகளில் வணிகவியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நான்கு பக்கத்தில், எளிய தமிழில், ஒரு குடும்பக் கணக்கேட்டை வடிவமைக்கலாம். முதற் பக்கத்தில் வரவும் செலவும். இரண்டாம் பக்கத்தில் கணக்குகள், காப்பீடுகள், நியமனதாரர் பெயர்கள். மூன்றாம் பக்கத்தில் கொடுக்க வேண்டிய கடனும் மஹரும், வர வேண்டிய கடனும். நான்காம் பக்கத்தில் காலக்கெடுக்களும் வஸிய்யத் குறிப்பும் அமையலாம். ஓய்வு பெற்ற வங்கி அலுவலரும் ஆசிரியரும் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஜமாஅத் அலுவலகத்திலோ, வட்டியில்லாக் கடன் வழங்கும் பைத்துல்மாலிலோ வாரம் ஒரு மாலை அவர்கள் அமர்ந்தால், தேவையுடையோர் தாமே வருவர். வர இயலாதோர் வீட்டிற்கு இருவராகச் செல்லலாம். இதற்குக் கட்டடம் வேண்டா, பெருநிதி வேண்டா.

முடிவுரை

நோயாளியை நலம் விசாரித்தல் முஸ்லிம் ஒருவர் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்று என்று நாம் பயின்றுள்ளோம். பழத்தோடு செல்கின்றோம், துஆச் செய்து திரும்புகின்றோம். அவ்விரண்டும் நன்றே. இனி, கணக்கறிந்தோர் மற்றொன்றையும் உடன் எடுத்துச் செல்லலாம்: ஒரு வெற்றுத்தாளும் ஒரு மணி நேரமும். 'உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடியது ஏதேனும் உண்டா?' என்று தனிமையில் மெல்லக் கேட்கும் அக்கேள்வி, கூச்சத்தால் வாய் திறவாத ஒரு குடும்பத்திற்குக் கதவைத் திறக்கும்.

பொருளை ஈவோர்க்குப் பொருள் குறையும். கணக்கறிவை ஈவோர்க்கு அஃது ஒருபோதும் குறைவதில்லை. நம் மாணவச் செல்வங்கள் கற்ற கல்வி, தேர்வுத்தாளோடு முடியாமல், நோயுற்றவரின் பக்கத்தே சென்று நிற்கும் கல்வியாக மலர வேண்டும். அதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.